பாய்காட்: மேயோவில் பிறந்த சொல்

ஒரு நபரோடோ நிறுவனத்தோடோ எந்தக் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம் என்று பலர் கூடி எடுக்கும் முடிவுதான் பாய்காட். பிடிக்காத கடைக்கு ஒருவர் போகாமல் இருப்பதை அப்படிச் சொல்வதில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இன்னது மாறினால் திரும்பி வருவோம் என்ற நிபந்தனையும் இருக்க வேண்டும்.

ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடினால் பெரும்பாலும் லத்தீனிலோ கிரேக்கத்திலோ போய் நிற்போம். இந்தச் சொல்லைத் தேடினால் ஓர் ஆள் வந்து நிற்கிறார். சார்லஸ் கன்னிங்ஹம் பாய்காட், இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் 1832-ல் பிறந்தவர். கொஞ்ச காலம் படையில் இருந்துவிட்டு அயர்லாந்துக்குக் குடிபோனார். அங்கே மேற்குக் கரையிலுள்ள மேயோ மாவட்டத்தில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவரானார். குத்தகை வசூலிப்பது, கட்டாதவர்களை வெளியேற்றுவது, இதுதான் வேலை.

1880-ல் விளைச்சல் மோசம். பிரபு குத்தகையில் 10 சதவீதம் குறைக்க முன்வந்தார். குடியானவர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். பேச்சு முறிந்தது, செப்டம்பரில் வெளியேற்ற ஆணைகள் வந்தன. அதற்குச் சில நாள் முன்புதான், குடியானவர்களுக்காகப் போராடிய நிலச் சங்கத்தின் தலைவர் பார்னெல், எனிஸ் ஊர்க் கூட்டத்தில் ஒரு வழி சொல்லியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனை அடிக்கவோ சுடவோ வேண்டாம், கடையிலும் தெருவிலும் கோவிலிலும் அவனோடு பேசாமல் விலகிவிடுங்கள். மேயோக்காரர்கள் அதை முகவர் மீதே பிரயோகித்துப் பார்த்தார்கள். பாய்காட் வீட்டு வேலைக்காரர்கள் போய்விட்டார்கள். லாடம் அடிக்க ஆளில்லை, துணி வெளுக்க ஆளில்லை, பக்கத்து ஊரான பாலின்ரோபில் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். வயலில் கிழங்கு அழுகத் தொடங்கியது.

அவரே 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதி ஊரறியச் செய்தார். நவம்பரில் வேறு மாவட்டங்களிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாகச் சுமார் ஆயிரம் படைவீரர்களும் போலீசாரும்! சில நூறு பவுண்டு பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற அரசுக்கு ஏறத்தாழ 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கு. ஒவ்வொரு டர்னிப் கிழங்குக்கும் ஒரு ஷில்லிங் என்று பார்னெல் கிண்டலடித்தார். டிசம்பர் பிறந்ததும் பாய்காட் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார்.

சொல்லை உருவாக்கியவர் ஊர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதிவைத்திருக்கிறார். 'விலக்கிவைத்தல்' என்பதற்கு இருந்த கிரேக்க வழிச் சொல் குடியானவர்கள் வாயில் நுழையாது, என்ன சொல்லலாம் என்று ரெட்பாத் கேட்டாராம். 'பாய்காட் செய்வோம்' என்றே சொல்லிவிடலாமே என்றாராம் பாதிரியார். சில வாரங்களில் லண்டன் பத்திரிகைகள் அதை எடுத்துக்கொண்டன. பிரெஞ்சும் ஜெர்மனும் அப்படியே வாங்கிக்கொண்டன.

அதே மேயோ மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், நூற்றியிருபது ஆண்டு கழித்து, இந்தச் சொல் மறுபடி வேலைக்கு வந்தது. கடலுக்கு அடியில் 1996-ல் கண்டுபிடிக்கப்பட்ட காரிப் எரிவாயு வயலை ஷெல் நிறுவனம் 2002-ல் கைக்கொண்டது. சுத்திகரிக்காத வாயுவைக் குழாய் வழியே கரைக்குக் கொண்டுவந்து, ரோஸ்போர்ட் கிராமத்து வீடுகளுக்குப் பக்கத்தில் ஓட்டி, கரையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஆலையில் சுத்திகரிப்பது திட்டம். குழாயின் வடிவமைப்பு அழுத்தம் 345 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). சுத்திகரிப்பைக் கடலிலேயே செய் என்றது 'ஷெல் டு சீ' இயக்கம். 2005-ல், நீதிமன்றத் தடையாணையை மீறித் தம் நிலத்தில் வேலை நடக்கவிடாமல் நின்ற ஐந்து பேர் 94 நாள் சிறையில் இருந்தார்கள். அப்போதுதான் நாடெங்கும் ஷெல் பெட்ரோல் பங்குகளின் முன் ஆட்கள் கூடி, இங்கே வாங்காதீர்கள் என்றார்கள். திட்டத்தில் கூட்டாளியான நார்வேயின் ஸ்டாட்டாயில் நிறுவனத்துப் பெட்ரோல் பங்குகளும் தப்பவில்லை.

இரண்டு சம்பவத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் இந்தச் சொல்லின் வரம்பு தெரிகிறது. பழைய முகவருக்கு ஊராரின் கை தேவைப்பட்டது: அறுக்க, சமைக்க, லாடம் அடிக்க. ஷெல்லுக்கு ரோஸ்போர்ட்காரரின் கை தேவையில்லை, நிலம்தான் தேவை; அதற்கு அரசு கட்டாயக் கையகப்படுத்தல் ஆணை கொடுத்துவிட்டது. சாதாரண மனிதரை அந்த நிறுவனம் நம்பியிருந்த ஒரே இடம் பெட்ரோல் பங்க். அதனால் போராட்டம் அங்கே போனது. ஆனால் பலன் தந்தது கிராமத்து எதிர்ப்பும் விசாரணைகளும்தான் என்பது என் எண்ணம்: கரைப்பகுதிக் குழாயின் அழுத்தம் 144 பாருக்கு மிகக்கூடாது என்று 2006-ல் ஆய்வறிக்கை வந்தது, பாதை மாறியது, குழாய் வளைகுடாவுக்கு அடியில் சுரங்கத்துக்குள் போனது. வாயு 2015 டிசம்பர் கடைசியில் வந்தே விட்டது. ஷெல் தன் பங்கை 2018-ல் கனடா ஓய்வூதிய நிதி வாரியத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அது வியாபாரம், பாய்காட் கணக்கில் சேராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? நூறு ஆண்டுக்கு முந்தைய பத்திரிகைகளில் 'அன்னியத் துணி பகிஷ்காரம்', 'சைமன் கமிஷன் பகிஷ்காரம்' என்றுதான் இருக்கும். 'பஹிஸ்' என்றால் வெளியே. இதே வடசொல்லிலிருந்து வந்த 'பகிஷ்கிருத' என்ற அடைமொழியோடுதான் அம்பேத்கர் 1924-ல் தம் முதல் சபையைத் தொடங்கினார். அங்கே அதற்குப் பொருள் ஒதுக்கப்பட்டவர். ஆக, வலியவர் எளியவரை ஒதுக்குவதற்கும் எளியவர் வலியவரிடமிருந்து விலகுவதற்கும் ஒரே சொல். நம் ஊர்விலக்கு முதல் வகை. அதை பாய்காட்டுக்கு ஈடாக எழுதவே கூடாது.

தமிழ்நாட்டில் இன்று புழங்குவது புறக்கணிப்பு: தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு. புறத்தே வைத்துக் கணிப்பது. நல்ல சொல், ஒரே குறை, கவனிக்காமல் விடுவதற்கும் அதையே சொல்கிறோம். 'எங்கள் ஊரை அரசு புறக்கணிக்கிறது' என்றால் சாலை போடவில்லை என்று பொருள். இலங்கைத் தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. பணிப் பகிஷ்கரிப்பு, தேர்தல் பகிஷ்கரிப்பு என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதும்போது 'ஷெல் பெட்ரோலைப் புறக்கணிக்க அழைப்பு' என்று எதை, யார் அழைப்பில் என்பதைச் சேர்த்துவிட்டால் போதும்.

அப்புறம் மறியல். பங்க் வாசலில் நின்று வண்டியோட்டிகளைத் திரும்பிப் போகச் சொன்னால் அது மறியல், 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை முன் நடந்தது போல. அந்தப் பேச்சைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பங்குக்குப் போகிறாரே, அவர் செய்வதுதான் புறக்கணிப்பு.