மேற்கோள் வேறு, சான்று வேறு

ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. அண்மையில் ஒரு முதுகலை மாணவியின் கட்டுரை வந்தது. அதில் இப்படி ஒரு வரி: ஐம்புலனை அடக்காமல் சாபம் வாங்கிய இந்திரனே, அடக்கியவரின் ஆற்றலுக்குச் சான்றாக நிற்கிறான் என்கிறது திருக்குறள். பின்னால் குறள் எண் 25. ஓரத்தில் ‘சான்று எங்கே?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பதில் வந்தது: ‘குறள் எண் போட்டிருக்கேனே சார். வேற யாரோட வரியையும் மேற்கோள் காட்டலையே!’

குறளைப் பார்ப்போம். ‘ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான் இந்திரனே சாலுங் கரி.’ ஐம்புலனை அடக்கியவனின் ஆற்றலுக்கு வானோர் தலைவன் இந்திரனே போதுமான சாட்சி என்பது நேர்ப்பொருள். இதில் சாபம் எங்கே இருக்கிறது? இல்லை. இந்திரன் புலன் அடக்காமல் சாபம் பெற்று, அதனாலேயே அடக்கியவன் பெருமையை உலகுக்கு உணர்த்தினான் என்பது பரிமேலழகர் உரை. இன்னோர் உரைகாரரான மணக்குடவர் சொல்லும் இந்திரன் வேறு ஆள். உலகத்தில் பெருந்தவம் செய்பவர் தோன்றினால் தன் பதவி போய்விடுமோ என்று அவன் நடுங்குகிறான். அந்த நடுக்கமே சான்று என்கிறார். ஒரே குறள், இரண்டு இந்திரர்கள். மாணவி எடுத்துக்கொண்டது பரிமேலழகரின் இந்திரனை. ஆனால் அவருடைய சொற்களை எடுக்கவில்லை, கருத்தை மட்டும்தான் எடுத்தார். சொற்களை எடுக்காததால் மேற்கோள் இல்லை, மேற்கோள் இல்லாததால் பெயர் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தவறை வருஷத்துக்கு நாலைந்து பேரிடம் பார்க்கிறேன். குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

மேல் + கோள், மேற்கோள். கொள் என்ற வினையின் முதலெழுத்து நீண்டு கோள் ஆனது. கெடு கேடு ஆனதும் சுடு சூடு ஆனதும் இப்படித்தான். மேற்கொள்ளுதல் என்றால் ஒன்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுதல். பயணம் மேற்கொண்டார், விரதம் மேற்கொண்டார் என்று இன்றும் சொல்கிறோமே, அதே பொருள்தான். அப்படியானால் மேற்கோளின் பழைய பொருள், ஒருவர் ஏற்றுக்கொண்ட உறுதி, கொள்கை. பிறர் வரியை எடுத்துக்காட்டுவது என்ற பொருள் அதன் மேல் பிறகு வந்து படிந்தது.

இதற்கு நன்னூல் பாயிரத்திலேயே ஒரு வெண்பா இருக்கிறது. ‘முன்னோர் மொழிபொருளே யன்றி யவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்’ என்று தொடங்குவது. பள்ளியில் இந்த முதல் இரண்டடியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். மீதியையும் பார்க்க வேண்டும்: ‘போற்றுவ மென்பதற்கும் முன்னோரின் வேறுநூல் செய்துமெனும் மேற்கோளி லென்பதற்கும் கூறுபழஞ் சூத்திரத்தின் கோள்.’ பழைய சூத்திரங்களை ஏன் என் நூலில் அப்படியே எடுத்து வைக்கிறேன் என்று பவணந்தி காரணம் சொல்கிறார். முன்னோரின் கருத்தை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் போற்றுகிறோம். அவர்களிலிருந்து மாறுபட்டு நூல் செய்வோம் என்ற மேற்கோள் எங்களுக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், முழுக்க முழுக்க இன்று நாம் மேற்கோள் என்று சொல்லும் செயலைப் பற்றிய பாட்டு இது. அதில் மேற்கோள் என்ற சொல்லும் வருகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் தீர்மானம், கொள்கை. எடுத்துக்காட்டும் செயலுக்கு அவர் போட்ட சொல் வெறும் ‘கோள்’.

13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு சூத்திரத்தையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரிப்பது அந்நூலின் முறை. மேற்கோள் என்றால் ஆசிரியர் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, ஏது அதற்கான காரணம், எடுத்துக்காட்டு அதை விளக்கும் வெண்பா. அதாவது மேற்கோள் ஆசிரியரின் சொந்தச் சரக்கு. இன்றைக்கு அதே சொல்லுக்கு அடுத்தவர் சரக்கு என்று பொருள். சொல் அப்படியே தலைகீழாகப் புரண்டுவிட்டது.

பிறரைக் குறிப்பிடும் வேலைக்கு நம் இலக்கணத்தில் பெயர் இல்லாமலும் இல்லை. தொல்காப்பிய மரபியல் நூல் எழுதும் உத்திகளை அடுக்கும்போது ‘தன்கோட் கூறல்’, ‘பிறன்கோட் கூறல்’ இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. தன் கொள்கை, பிறன் கொள்கை. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளில், ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’ ஒன்று: எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுச் சொல்லி, பிறகு மறுப்பது. முன்னாய்வுகள் என்று ஓர் இயல் எழுதி, ஒவ்வொருவராக வரிசைப்படுத்தி, ‘ஆனால் இவர் இதைக் கவனிக்கவில்லை’ என்று முடிக்கிறார்களே, அதேதான். என்ன, இப்போது பலர் மேற்கொள்வதோடு சரி, களைவதே இல்லை.

ஆங்கிலத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. சைட்டேஷன் (citation), கோட் (quote) இரண்டும் அங்கே வேறு வேறு சொற்கள், வேறு வேறு வேர்கள். சைட் என்பது இலத்தீனில் அசையவைப்பது, ஆள் அனுப்பி வரவழைப்பது. நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி விடுக்கும் அழைப்பாணைக்கு அந்தப் பெயர் இருந்தது; அமெரிக்காவில் போக்குவரத்துப் போலீஸ் கையில் திணிக்கும் சீட்டுக்கு இன்றும் சைட்டேஷன் என்றே பெயர். கோட் என்பதோ ‘எத்தனை’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இடைக்காலச் சுவடிகளில் அதிகாரங்களுக்கு எண் போடுவதைக் குறித்து, பிறகு பிறர் வரியை அப்படியே எடுத்து எழுதுவதற்கு ஆகிவந்தது. ஒன்று சாட்சிக்கு ஆள் கூப்பிடுவது, மற்றொன்று வரியைத் தூக்கி வைப்பது. இந்த இரண்டையும் போட்டு நாம் மேற்கோள் என்ற ஒரே பையில் அடைத்துவிட்டோம். போதாக்குறைக்கு, கட்டுரைக் கடைசியில் வரும் நூல் பட்டியலுக்கும் மேற்கோள் நூல்கள் என்று தலைப்பு. தமிழ் விக்கிப்பீடியாவிலும் கட்டுரைகளின் அடியில் ‘மேற்கோள்கள்’ என்று பார்த்திருப்பீர்கள். அங்கே மேற்கோள் வரி ஒன்றுகூட இருக்காது, எல்லாம் சான்றுகள்.

சைட்டேஷனுக்குத் தமிழில் புதிதாகச் சொல் உருவாக்க வேண்டியதில்லை. அந்தக் குறளிலேயே இருக்கிறது. ‘சாலும் கரி.’ கரி என்றால் பழந்தமிழில் சாட்சி. ‘அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க் கில்லை’ என்கிறது குறுந்தொகை. நேரில் அறிந்ததற்குப் பொய்ச்சாட்சி சொல்வது பெரியவர்களிடம் கிடையாது. சாலும் என்றால் போதும், தகும். இந்தச் சால் என்ற வேரிலிருந்து வந்ததுதான் சான்று. சாட்சி என்பது வடமொழி; கண்ணால் கண்டவன் என்பது அதன் உட்பொருள். கரி இன்று அடுப்புக்கும் யானைக்கும் போய்விட்டதால் மீட்க முடியாது. ஆகவே என் வாக்கு ‘சான்று காட்டல்’ என்பதற்கு. இலத்தீன்காரன் நீதிமன்றத்துக்கு ஆள் கூப்பிட்டதும், வள்ளுவர் இந்திரனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதும் ஒரே வேலை. வரியை அப்படியே எடுத்தெழுதினால் அது மேற்கோள். மேற்கோளுக்குக் கட்டாயம் சான்று வேண்டும். ஆனால் மேற்கோள் இல்லாத இடத்திலும் சான்று வேண்டும்.

ஆதாரம் என்ற சொல்லும் புழக்கத்தில் உண்டு. தாங்கி நிற்பது என்று பொருள். தரவுக்கு, ஆவணத்துக்கு அது பொருந்தும். மூல ஆதாரம், துணை ஆதாரம் என்று பிரிக்க வசதி. கடைசிப் பட்டியலுக்குத் தமிழ்நாட்டில் துணைநூற்பட்டியல் என்பார்கள். இலங்கையில் உசாத்துணை. எனக்குப் பின்னது பிடிக்கும். உசாவுதல் கலந்து கேட்பது; உசாத்துணை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய துணை. நூல் மட்டும் என்றில்லாமல் இணையப் பக்கம், நேர்காணல், ஒலிப்பதிவு எல்லாம் அதில் அடங்கும்.

நம் பழைய ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் ஒழுங்காக இருந்தார்களா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் பக்கத்துக்குப் பக்கம் ‘என்மனார் புலவர்’ என்கிறார். எந்தப் புலவர்? இன்று ஒரு மாணவர் அப்படி எழுதினால் நெறியாளர் சிவப்பு மையால் வட்டம் போடுவார். உரைகாரர் நச்சினார்க்கினியர் ஒரு வரியை எடுத்துக்காட்டிவிட்டு ‘என்றார் பிறரும்’ என்று போய்விடுவார். கேட்பவருக்குப் பாட்டு மனப்பாடமாக இருந்த காலத்தில் அது போதும். ஆனால் 1887இல் வெளியான சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையோடு மல்லுக்கட்டியபோது, அந்தப் பிறர் யார், அது எந்த நூல் என்று சுவடி சுவடியாகத் தேட வேண்டியிருந்தது. பெயர் சொல்லாமல் போன ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருவர் பின்னால் வந்து வெயிலில் அலைகிறார்.

அதே உரைகாரர்கள் எடுத்துக்காட்டியிருக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வளையாபதியும் குண்டலகேசியும் ஐம்பெருங்காப்பியங்கள் என்று ஒப்பிக்கிறோம். இரண்டும் முழுதாகக் கிடைக்கவில்லை. கையில் இருப்பவை யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளிலும் புறத்திரட்டு என்ற தொகை நூலிலும் தப்பிப் பிழைத்த சில பாடல்கள்தான்.

சரி, மாணவர் இன்று என்ன செய்ய வேண்டும்? நூலுக்குச் சான்று காட்டுவது எளிது: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், பக்கம். ஒரு பக்கமென்றால் ப., பல பக்கமென்றால் பக். அதே நூலை அடுத்த அடிக்குறிப்பிலும் சுட்டினால் ‘மேலது’. பெயரில்தான் தகராறு. சான்று காட்டுவதற்கான ஏ.பி.ஏ. (APA), எம்.எல்.ஏ. (MLA) நடைகள் குடும்பப் பெயரை முன்னால் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். அதனால் ‘வரதராசன், மு.’ என்று பெயரை முன்னால் வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. பலர் பெயரை மாற்றி வைத்துவிட்டு, தலைப்பெழுத்தை வைத்தே அகரவரிசை செய்வார்கள். கணினி எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினாலும் கவனம் வேண்டும். கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ன, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நம் வரிசையிலோ அது கடைசி எழுத்து.

பழைய இலக்கியத்துக்குப் பக்க எண் உதவாது. பாட்டு எண், நூற்பா எண், காதையும் வரியும் என்று சுட்ட வேண்டும். அப்போதுதான் எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் எடுத்துப் பார்க்கலாம். அதிலும் ஒரு வலை இருக்கிறது. தொல்காப்பிய நூற்பா எண் இளம்பூரணர் உரையில் ஒன்று, நச்சினார்க்கினியர் உரையில் ஒன்று. குறள் எண்ணே பரிமேலழகர் வைத்த வரிசைதான். மணக்குடவரிடம் குறள்கள் பல இடங்களில் வேறு வரிசையில் நிற்கும். ஆகவே எண் மட்டும் போதாது, யார் உரை, யார் பதிப்பு என்பதும் வேண்டும். கல்வெட்டுக்கு ‘தஞ்சைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது’ என்றால் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதி, இன்ன எண் என்று சொல்ல வேண்டும். சுவடிக்கு நூலகமும் சுவடி எண்ணும். நாட்டார் வழக்காற்று ஆய்வுக்குத் தகவலாளர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள். இணையப் பக்கத்துக்கு முகவரியும் பார்த்த நாளும். பக்கம் நாளைக்கே மாறிவிடலாம்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறை போட்டுவிட்டது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய படியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள் இந்தக் கணக்கில் வராது. ஆனால் மென்பொருள் பிடிப்பது சொல் ஒப்புமையைத்தான். பரிமேலழகரின் இந்திரனைச் சொந்த நடையில் எழுதினால் அதற்குச் சுழியம் விழுக்காடு. மாட்டமாட்டார் என்பது சரி, எடுத்தது எடுத்ததுதானே. கருத்துத் திருட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பிளேஜரிசத்தின் மூலச் சொல் இலத்தீனில் ஆள் கடத்துபவனைக் குறித்தது. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவி மார்ஷியல், தான் எழுதிய பாட்டை இன்னொருவன் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது, அவனை அந்தப் பெயரால் திட்டினார்.

இதையெல்லாம் அந்த மாணவிக்கு எழுதவில்லை. இரண்டு உரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் திருத்திய வரி வந்தது: சாபம் பெற்ற இந்திரனே சான்று என்பது பரிமேலழகர் கொள்ளும் பொருள், மணக்குடவர் இதை வேறாகக் கொள்கிறார். நல்ல வரி. முதலில் எழுதியதைவிட இரண்டு மடங்கு விஷயம் உள்ள வரி. அடியில் இரண்டு உரைகாரர்களின் பெயரும் இருந்தன, குறள் எண்ணும் இருந்தது. எந்தப் பதிப்பு என்று இல்லை. ஓரத்தில் எழுதித் திரும்பவும் அனுப்பியிருக்கிறேன்.