கூட்டுறவுச் சங்கத்தின் கல்வி நிதி: யாருக்கு, எதற்கு, எப்படிக் கேட்பது

ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போனால் வாசலிலேயே அறிக்கையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். முதல் பக்கங்களில் தலைவர் உரை, நடுவில் வரவு செலவு, கடைசியில் லாபப் பிரிவினை. காப்பு நிதிக்கு இவ்வளவு, பங்கு ஈவுக்கு இவ்வளவு என்று போகும் அந்தப் பட்டியலில் 'கல்வி நிதி' என்று ஒரு வரி இருக்கும். கண் அதைத் தாண்டி நேராகப் பங்கு ஈவுக்குப் போய்விடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன். ஒருமுறை பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மா அந்த வரியில் விரலை வைத்து, "இது யாரு படிக்கிறதுக்குங்க?" என்று என்னிடம் கேட்டார். எழுந்து நின்று செயலாளரிடமே கேட்டோம். "சட்டப்படி ஒதுக்கணும், ஒதுக்கியிருக்கோம்" என்றார். ஒதுக்கியதை என்ன செய்தீர்கள் என்ற அடுத்த கேள்விக்குப் பதில் இல்லை. முந்தைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: நான்கு ஆண்டுகளாக அந்தத் தொகை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, ஒரு காசும் செலவாகவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் உண்டு. அந்தப் பணம் அவர் படிப்பதற்குத்தான். சங்க உறுப்பினர் என்ற முறையில் பயிற்சி பெறுவது அவருக்கு யாரும் காட்டும் தயவு அல்ல.

விதி எங்கிருந்து வந்தது

இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844-இல் 28 பேர் காசு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவைதான் தொடக்கச் சரக்கு. கடை நிலைத்து லாபம் வரத் தொடங்கியதும், அதில் 2.5 சதவீதத்தைக் கல்விக்கு எடுத்துவைப்பது என்று தங்கள் விதியிலேயே எழுதிக்கொண்டார்கள். நூலகமும் செய்தித்தாள் படிக்கும் அறையும் அந்தப் பணத்தில் நடந்தன. உழைப்பாளிக் குடும்பங்கள் மளிகை வாங்க வந்த இடத்திலேயே படிக்கவும் செய்தன.

இன்று உலகெங்கும் கூட்டுறவுகள் ஏற்கும் ஏழு கொள்கைகளைச் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-இல் மான்செஸ்டரில் வகுத்தது. ஐந்தாவது கொள்கை கல்வி, பயிற்சி, தகவல் பற்றியது. உறுப்பினர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், மேலாளர்கள், ஊழியர்கள் என்று நான்கு தரப்பையும் பெயர் சொல்லி அது குறிப்பிடுகிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நடைமுறையில் பயிற்சிக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் மேலாளரும் தலைவரும்தான். வரிசையில் முதலில் நிற்பவர் உறுப்பினர். அவர் பெயரால் ஒதுக்கிய பணத்தில் அவருக்கே இடம் இல்லாமல் போவது கொள்கைக்கு நேர் எதிரானது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2002-இல் ஏற்ற 193-ஆம் பரிந்துரையில், கூட்டுறவுக் கொள்கைகளையும் நடைமுறையையும் நாட்டின் கல்வி, பயிற்சி அமைப்பின் எல்லாப் பொருத்தமான நிலைகளிலும் சொல்லித்தர வேண்டும் என்கிறது. பரிந்துரை என்பதால் அது அரசுகளைக் கட்டுப்படுத்தாது. உறுப்பினருக்குப் பிடிமானம் தருவது அந்தந்த நாட்டின் கூட்டுறவுச் சட்டமும், சங்கம் தனக்கென எழுதிவைத்த துணை விதிகளும்தான்.

பணம் எங்கே போகிறது

இதில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு. ஸ்பெயினின் 1999-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம், முந்தைய ஆண்டுகளின் நட்டத்தைக் கழித்தபின், வரிக்கு முன் உள்ள உபரியில் (செலவு போக மிஞ்சும் தொகையில்) குறைந்தது 5 சதவீதத்தைக் கல்வி மற்றும் மேம்பாட்டு நிதிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்த நிதியை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அந்த நிதியின் நோக்கத்துக்காகவே வாங்கிய கடன் தவிர, வேறு எந்தக் கடனுக்காகவும் கடன்காரர் அதில் கைவைக்க முடியாது. செலவாகாமல் மிஞ்சினால் அடுத்த நிதியாண்டுக்குள் சேமிப்புக் கணக்கிலோ அரசுக் கடன் பத்திரத்திலோ போட்டாக வேண்டும். என் பார்வையில் சட்டத்தின் மிக நல்ல பகுதி இந்தக் கடைசி விதிதான். கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஒரு வரியாக இருந்து, கையிருப்பில் இல்லாமல் போகும் கல்வி நிதிகளுக்கு அது முட்டுக்கட்டை போடுகிறது.

அர்ஜென்டினாவின் 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் கூட்டுறவுக் கல்விக்கும் பயிற்சிக்கும் உபரியில் 5 சதவீதம் என்கிறது. பிரேசிலில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 5 சதவீதம், தொழில்நுட்ப உதவி, கல்வி, சமூக உதவி மூன்றுக்கும் பொதுவான ஒரு நிதிக்குப் போகிறது. அது உறுப்பினரின் குடும்பத்தாருக்கும் உரியது. துணை விதிகளில் இடம் இருந்தால் ஊழியருக்கும் உண்டு. பிலிப்பைன்ஸின் சட்டம் வேறு மாதிரி. உபரியில் 10 சதவீதத்துக்கு மேற்படாமல் கல்வி, பயிற்சி நிதிக்கு எடுத்துவைத்து, அதில் பாதியைச் சங்கமே செலவிடலாம், மறுபாதியைச் சங்கம் தேர்ந்தெடுக்கும் கூட்டமைப்புக்கு அனுப்பலாம். இந்தியாவில், ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம் நிகர லாபத்தில் 1 சதவீதத்தைக் கேட்கிறது. அது சங்கத்திலேயே தங்குவதில்லை, தேசிய அளவிலான கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் போகிறது.

ஆகவே உங்கள் சங்கத்தின் பணம் உள்ளே தங்குகிறதா, வெளியே போகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே தங்கினால் நிர்வாகக் குழுவிடம் "என்ன செலவு செய்தீர்கள்" என்று கேட்க வேண்டும். வெளியே போனால் கேள்வி மாறும்: "நாம் கட்டிய பணத்துக்குப் பதிலாக மேலமைப்பு என்ன பயிற்சி நடத்துகிறது, அதற்கு நம்மிடமிருந்து யாரை அனுப்பினீர்கள்?" கட்டணம் இல்லாத, அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கும் பல வகுப்புகளின் சுற்றறிக்கை அலுவலகக் கோப்பிலேயே தூங்கிவிடும். உறுப்பினர் கேட்டால்தான் அது வெளியே வரும்.

உபரியில் சதவீதம் என்னும் ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. நிகர உபரி 8 லட்சம் என்றால் 5 சதவீதமாக 40,000 ஒதுக்கலாம். நட்டம் வந்த ஆண்டில் ஒதுக்க எதுவும் இராது. ஆனால் கணக்கு எங்கே சறுக்கியது, கடன் வசூல் ஏன் நின்றது என்று எல்லோரும் உட்கார்ந்து கற்க வேண்டியது அந்த ஆண்டில்தான். பிரேசில் 1998-இல் கூட்டுறவுக்கென்றே ஒரு தேசியப் பயிற்சிச் சேவையை உருவாக்கி, அதற்குக் கூட்டுறவுகளின் சம்பளப் பட்டியலிலிருந்து 2.5 சதவீதம் வரும்படி செய்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் வரும். அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், நல்ல ஆண்டுகளின் மீதியை நட்ட ஆண்டுக்கென்று காத்துவைப்பது புத்திசாலித்தனம். அதை நோக்கம் சொல்லித் தீர்மானமாக எழுதிவைத்துச் செய்ய வேண்டும். மறந்துபோய்ச் சேர்ந்த பணத்தைச் சேமிப்பு என்று சொல்லக் கூடாது.

எது பயிற்சி, எது விழா

கல்வி நிதியில் ஆண்டு விழா நடத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஐந்தாவது கொள்கையின் இரண்டாம் பகுதி, கூட்டுறவின் இயல்பையும் பயனையும் பொதுமக்களுக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கும் கருத்தை உருவாக்குவோருக்கும் எடுத்துச் சொல்லச் சொல்கிறது. ஏழாவது கொள்கை, சங்கம் இருக்கும் சமூகத்தின் மீது அக்கறை வேண்டும் என்கிறது. ஸ்பெயின் சட்டம் இன்னும் வெளிப்படை. சங்கம் இருக்கும் பகுதியின் பண்பாட்டு மேம்பாடு, சமூக வளர்ச்சி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் அந்த நிதியைப் பயன்படுத்தலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆக, சமூக நிகழ்ச்சிக்குத் தடை இல்லை. ஆனால் மேடை, மாலை, பொன்னாடை, தலைவர்களின் படம் போட்ட பதாகை இவற்றுக்குப் போன பணத்தைக் கல்விச் செலவு என்று எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வந்தவர் போகும்போது புதிதாக என்ன தெரிந்துகொண்டு போனார் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் அது கல்விச் செலவு.

ஜூலை மாதத்தின் முதல் சனிக்கிழமை சர்வதேசக் கூட்டுறவு நாள். கூட்டுறவு இயக்கம் 1923 முதல் கொண்டாடுகிறது, 1995 முதல் ஐக்கிய நாடுகள் சபையும் சேர்ந்துகொண்டது. அந்த நாளில் சங்கத்தின் கதவைத் திறந்துவைத்து, உறுப்பினர் அல்லாதவர்களை அழைத்து, எடை எப்படிப் போடுகிறோம், விலை எப்படி வைக்கிறோம், கடன் யாருக்கு எந்த விதியில் தருகிறோம் என்று காட்டலாம். செலவு அதிகம் இல்லை, கொள்கையின் சொல்லும் நிறைவேறும்.

பயிற்சி என்றால் ஊர் விட்டு ஊர் போய் மூன்று நாள் தங்க வேண்டும் என்பதும் இல்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆண்டிகோனிஷ் ஊரில் உள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. மோசஸ் கோடி என்ற பாதிரியார் அதை நடத்தினார். மீனவர்களும் விவசாயிகளும் அக்கம்பக்கத்தாரோடு சிறு சிறு படிப்பு வட்டங்களாக வீட்டுச் சமையலறைகளில் கூடினார்கள். தங்கள் மீனுக்கு ஏன் விலை கிடைக்கவில்லை என்று படித்தும் பேசியும் கண்டுபிடித்தார்கள். கடன் சங்கங்களும் மீன் பதனிடும் கூட்டுறவுகளும் அதற்குப் பிறகு வந்தவை. தொழிலாளர் கூட்டுறவுகளுக்குப் பேர்போன ஸ்பெயினின் மோன்ட்ராகன் ஊரிலும் இதே வரிசைதான். 1943-இல் தொழிற்பள்ளி, அங்கே படித்த ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய முதல் தொழிற்கூடம் 1956-இல். இரண்டு இடத்திலும் படிப்பு முதலில் வந்தது, சங்கம் பின்னால் வந்தது.

தொண்டு நிறுவனமாக இருந்தால்

லாபத்தைப் பிரிக்காத அமைப்புக்கு லாபப் பிரிவினைப் பட்டியல் கிடையாது. அதனால் கல்வி நிதி என்ற வரியும் பொதுவாக இராது. பயிற்சிக்குப் பணம் வேண்டுமானால் மானிய விண்ணப்பத்தின் செலவுத் திட்டத்திலேயே அதை எழுதிக் கேட்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி மானிய விதிகளில் ஊழியர் மேம்பாட்டுக்கான பயிற்சி அனுமதிக்கப்பட்ட செலவு. இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் பயிற்சியையோ ஆய்வையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் பயிற்சியாளர்களின் சம்பளம் அந்த வரம்புக்குள் எண்ணப்படுவதில்லை. இது தெரியாமல் பயிற்சியையே வெட்டிவிடும் அமைப்புகள் முதலில் தங்கள் கணக்காளரிடம் இதைப் பேச வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், "இதர செலவுகள்" என்ற தலைப்பில் பயிற்சியை ஒளித்துவைக்காதீர்கள். பெயர் இல்லாத செலவைத்தான் நன்கொடையாளர் முதலில் அடிப்பார்.

எப்படிக் கேட்பது

வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும். எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் போதும். "கடந்த மூன்று நிதியாண்டுகளில் கல்வி நிதிக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, இன்றைய இருப்பு, அது வைக்கப்பட்டுள்ள கணக்கு, நடந்த பயிற்சிகளின் தேதி, கலந்துகொண்ட உறுப்பினர், ஊழியர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி, உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். துணை விதிகளின் பிரதி ஒன்றையும் கூடவே கேளுங்கள். பதில் வராவிட்டால் தணிக்கையாளர் இருக்கிறார், அதற்கு மேல் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அல்லது உங்கள் நாட்டில் அந்தப் பொறுப்பில் உள்ள அதிகாரி.

கடிதம் கொடுக்கும் நேரம் முக்கியம். பொதுக்குழு அன்று எழுந்து கேட்டால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சாகும் முன்பே கொடுத்து, வரும் ஆண்டின் பயிற்சித் திட்டத்தைத் தனிப் பொருளாகச் சேர்க்கக் கேட்க வேண்டும். நான்கைந்து பேர் கையெழுத்திட்டால் நல்லது. என்ன பயிற்சி, யாருக்கு, எந்த நேரத்தில் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். பெண்கள் வர வேண்டுமானால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், வந்துபோகும் செலவும் திட்டத்தில் இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு வேலை நாள் காலை பத்து மணி வகுப்பு என்பது, வராதே என்று சொல்வதற்குச் சமம்.

நாங்கள் கேட்ட அந்தச் சங்கத்தில் கடிதத்துக்குப் பிறகு ஒரு வகுப்பு நடந்தது. பாடப் புத்தகம் எதுவும் இல்லை. அதே ஆண்டறிக்கையை ஆளுக்கொன்று கொடுத்து, ஐந்தொகையை, அதாவது சங்கத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் பக்கத்தை, வரி வரியாகப் படித்தோம். வர வேண்டிய கடன் என்ற வரிக்கு வந்தபோது வகுப்பு நின்றுவிட்டது. அதில் மூன்று ஆண்டுக்கு மேல் நிலுவை எவ்வளவு என்று அந்த அம்மா கேட்டார். கணக்கர் உள்ளே போய்ப் பேரேட்டை எடுத்து வந்தார்.