உங்கள் கிணற்றுத் தண்ணீரின் ரிப்போர்ட் உங்களுக்குச் சேர வேண்டியது

தண்ணீர் ஆய்வுக்கென்று ஆட்கள் வருவார்கள். கிணற்றின் ஆழம் அளப்பார்கள், மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள், இரண்டு போத்தல் நிரப்புவார்கள், போய்விடுவார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதைக் கண்டிராத ஊர் குறைவு. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற குடும்பத்துக்கு மட்டும் முடிவு வந்து சேராது. தேடிப்போய்க் கேட்டால், "அது ப்ரொஜெக்ட்டுக்கு எடுத்தது, ஆக்களுக்குக் குடுக்கிறதில்ல" என்று பதில் வரும். அது பிழையான பதில்.

இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நீர்வள சபை, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பிரதேச செயலகம், பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இருக்கிற பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். அவர்களிடம் பதிவில் இருக்கிற ஆய்வு முடிவை நீங்கள் கேட்கலாம். சட்டம் பற்றி இவ்வளவு போதும். மிச்சமெல்லாம் அலுவலகத்தில் எங்கே இழுத்தடிப்பார்கள் என்பதுதான்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணலில், உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நல்ல தண்ணீர் கிடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, உப்பேறிய கிணறுகளைச் சனம் திரும்பத் திரும்ப இறைத்தது. அப்படி அளவுக்கு மீறி இறைத்தால் கீழே கிடக்கிற உப்புத் தண்ணீர்தான் மேலேறும், உப்பைக் கழுவுவது மாரி மழைதான் என்பதைக் கிழக்குக் கரையில் நடந்த கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. அது ஆங்கில அறிக்கைகளில் இருந்தது. வாளியும் கையுமாக நின்றவருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது?

சரி, விசயத்துக்கு வருவோம். வேலை தொடங்குவது அலுவலகத்தில் அல்ல, மாதிரி எடுக்க வருகிற அன்றைக்கு உங்கள் கிணற்றடியில்தான். எந்த நிறுவனம், என்ன திட்டம் என்று கேட்டு எழுதிவையுங்கள். போத்தலில் ஒட்டுகிற துண்டை ஃபோனில் படம் எடுங்கள். ஆய்வுகூடத்தில் உங்கள் பெயர் இருக்காது, அந்தத் துண்டில் உள்ள குறியீட்டு இலக்கம்தான் இருக்கும். அது கையில் இல்லாமல் போய் நின்றால், "எந்தக் கிணறு எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சுலபமாகத் திருப்பிவிடுவார்கள். மீட்டரில் அங்கேயே காட்டுகிற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிதம். "எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்லதா?" என்று எழுதாதீர்கள். அது அபிப்பிராயம் கேட்பது. சட்டம் தருவது ஏற்கெனவே பதிவில் இருப்பதை மட்டும்தான். இப்படி எழுதுங்கள்: "இன்ன திகதியில், இன்ன குறியீட்டு இலக்கத்தில் எமது வளவுக் கிணற்றில் எடுக்கப்பட்ட நீர் மாதிரியின் ஆய்வுகூட அறிக்கையின் பிரதி, அதே திட்டத்தில் எமது கிராம உத்தியோகத்தர் பிரிவில் எடுக்கப்பட்ட ஏனைய மாதிரிகளின் முடிவுகள், திட்டத்தின் இறுதி அறிக்கை." அயலவரின் பெயர்களைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று சொல்லி முழுக் கடிதத்தையும் நிராகரிக்க அது ஒரு சாட்டாகிவிடும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அலுவலகம் எழுதுகிற பதிலும் தமிழில் இருக்க வேண்டும். இணைத்துத் தருகிற ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் அதற்காகச் சண்டை பிடித்து நாளைப் போக்காதீர்கள், வாங்கிக்கொண்டு வாருங்கள்.

படிவம் இருக்கிறது, ஆனால் படிவத்தில்தான் கேட்க வேண்டும் என்றில்லை. எழுத வராதவர் வாயால் சொன்னால் அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதம் தேவையில்லை. காணி உறுதி தேவையில்லை, கிணறு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இலங்கைப் பிரசையாக இருந்தால் போதும். ஊரில் ஒருவர் பெயர் தனியாக அடிபடுவது பயம் என்றால் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம் பெயரில் கேட்கலாம். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரசைகளாக இருந்தால் சங்கமும் பிரசைதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை ஓர் அலுவலகத்தில் முதலில் ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்) கடிதத்துக்கு அனுப்பினார்கள், பிறகு உறுதிக்கு அனுப்பினார்கள், கடைசியில் "சேர் லீவு" என்றார்கள். கடிதத்தை மட்டும் கடைசிவரை கையில் வாங்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் விட ஒன்றைக் கெட்டியாகப் பிடியுங்கள்: கடிதம் கிடைத்ததற்கான எழுத்து மூல ஒப்புகை. உடனே தர வேண்டும் என்பது சட்டம். "வெச்சிட்டுப் போங்க" என்றால் போகாதீர்கள். உங்கள் பிரதியில் சீலும் திகதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். இந்தத் திகதி இல்லாவிட்டால் மிச்சம் எதையும் கணக்குப் பார்க்க முடியாது.

14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்து எண்ணுங்கள். தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். ஆவணங்கள் நிறைய இருந்தால், அல்லது வேறிடத்திலுள்ள அலுவலகத்தில் தேட வேண்டியிருந்தால் மட்டும் மேலும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தால் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும் "இல்லை"க்கு மதிப்பில்லை.

நம் சனம் தோற்பது இங்கேதான். பதில் வராது, "பாவம், வேலைப் பளுவாக்கும்" என்று பொறுத்திருப்பார்கள். பதில் தர வேண்டிய நாள் தவறியதும், மறுப்பைப் போலவே, சட்டத்தின் கண்ணில் மேன்முறையீட்டுக்குக் காரணம்தான். அதிலிருந்து 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட வேண்டும். அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. சட்டத்தரணி தேவையில்லை. ஏன் மறுத்தோம் என்று அங்கே நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

"ரிப்போர்ட் ஹெட் ஒஃபிஸில் இருக்கு" என்பதும் அடிக்கடி வரும். தங்கள் நிறுவனத்தின் தலைமையகத்தில் இருப்பது அவர்களிடம் இருப்பதுதான். வேறு நிறுவனத்திடம் இருந்தால் விண்ணப்பத்தை அங்கே அனுப்பிவிட்டு உங்களுக்கு அறிவிக்க வேண்டும். "அது வெளிநாட்டு ப்ரொஜெக்ட்" என்றால் வெளிநாட்டுக்காரரோடு மல்லுக்கட்டப் போகாதீர்கள், கூட வந்த உள்ளூர் அரச நிறுவனத்திடமே கேளுங்கள்.

தாள் கைக்கு வந்ததும் மாதிரி எடுத்த திகதியை முதலில் பாருங்கள். மாரி முடிந்த கையோடு எடுத்ததை வைத்துப் புரட்டாசித் தண்ணீரை நம்ப முடியாது. குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614 இன்படி லீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராம், குளோரைட்டு 250, புளோரைட்டு 1 என்பவை உச்ச அளவுகள். களுதாவளைப் பக்கம் போல மணலில் பசளை போட்டு மரக்கறி செய்கிற இடங்களில் நைத்திரேற்றைக் கவனியுங்கள். சில ஆய்வுகூடங்கள் அதை நைதரசன் கணக்கில் எழுதும். அப்படியென்றால் எல்லை 50 அல்ல, சுமார் 11. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் நிலம் பாறை. அங்கே புளோரைட்டையும் கடினத்தன்மையையும் பாருங்கள்.

உங்கள் வளவில், நிலத்தடி நீரை அளந்து பார்ப்பதற்கான அவதானிப்புக் கிணறு துளைக்கக் கேட்டு வந்தால், வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். குழாய் யாருடையது, திட்டம் முடிந்ததும் யார் மூடுவது, அளவீடுகளின் பிரதி உங்களுக்கு எப்போது வரும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாய்க்கு, வெளிநாட்டுப் பணத்தில் 1 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்க மூன்று மாதம் முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், "மேல கேட்டுச் சொல்றம்" என்பார்கள். கேட்டுச் சொல்லும் வரை துளைக்க விடவேண்டியதில்லை.