கழுத்து நிமிர்ந்தால் கையை எடுங்கள்

நெல்லைப் பக்கம் ஒரு குளத்தில், பறவைகளைப் படமெடுக்கக் கோரைக்குள் மறைவுக்கூடாரம் (ஹைடு) போட்டிருந்தேன். முப்பதடி தள்ளி முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவையின் கூடு. மிதக்கிற பாசிக்குவியல்தான் கூடே. நான் உள்ளே நுழைந்த சத்தத்தில், அது அவசர அவசரமாக அலகால் பாசியை இழுத்து முட்டைமேல் போட்டுவிட்டு முங்கிவிட்டது. அடடா என்று படமெடுத்தேன். ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. அது பயந்து ஓடியதைத்தான் அழகு என்று எடுத்திருக்கிறேன்! வெயில் ஏறியபோதுதான் புத்தி வந்தது, சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றோடு கூட்டுப் பக்கம் ஹைடு போடுவதை விட்டேன்.

வாத்து கூடாரத் துணியைக் கண்டு மிரள்வதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே கட்டிவிட்டால் பழகிவிடும். ஆள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தால்தான் மிரளும். அதனால் நான் இருட்டிலேயே போய்விடுவேன், பறவைகள் தாமாக விலகிய பிறகுதான் வெளியே வருவேன்.

வாத்துகள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாடைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயிலும் கிழக்கே. கிழக்குக் கரையில் உட்கார்ந்தால் இரண்டும் முதுகுப் பக்கம். இறங்குகிற ஊசிவால் வாத்து நேராக உங்களைப் பார்த்தே வரும். துரத்தவே வேண்டாம்.

கூட்டத்தில் ஒன்றிரண்டு கழுத்து நிமிர்வது சகஜம். எல்லாக் கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்து, கூட்டமே மெதுவாக நடுக்குளத்துக்கு நீந்தினால், ஷட்டரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அடுத்தது பறப்புதான். திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்குத் திரும்பிப் போகவும் உடம்பில் கொழுப்பு வேண்டும். நாம் எழுப்பிவிடுகிற ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் வீண்.

நெல்லைப் பக்கம் பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்து மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரிலே 'பறக்கிற ஷாட்' வேண்டுமென்று கை தட்டுகிறவர்களை என்ன சொல்ல? சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கூடாரம் போடுகிற எண்ணமே வேண்டாம். மறைப்புக்கென்று கோரையையும் வெட்டாதீர்கள், அதுதான் பறவைக்கும் மறைப்பு.

அப்புறம், ஆறு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் பாட்டிலோடு காலி பாட்டில் ஒன்றும் வேண்டும். எதற்கென்று கேட்காதீர்கள்.