வகுப்பறைக் காற்றில் அடுத்தவர் மூச்சு எவ்வளவு?

பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இன்னொரு பெருந்தொற்று வந்தால் கல்லூரியை மறுபடியும் மூடுவதைத் தவிர வேறு வழி இல்லையா? வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் கூண்டு வைக்கலாம் என்கிறார்கள். அதில் பயன் உண்டா?"

கூண்டில் பயன் இல்லை, கேடு உண்டு. மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அவருடைய முதல் கேள்விதான் பெரியது. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியே ஒரு கல்லூரி மாணவிதான். வூஹானில் மருத்துவம் படித்து விடுமுறைக்குத் திருச்சூர் வந்தவர். 2020 ஜனவரி 30 அன்று அவருக்குத் தொற்று உறுதியானது. அதன் பிறகு நடந்ததைத் தமிழக, கேரள எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மே மாதம் வாளையார் சோதனைச் சாவடியில் பாஸ் இல்லாமல் வெயிலில் காத்துக் கிடந்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். 2021 ஜனவரி 4 அன்று கேரளக் கல்லூரிகள் பாதிப் பாதியாகத் திறந்து, மறுபடி மூடி, அந்த அக்டோபரில்தான் ஒழுங்காகத் திறந்தன. கோவையில் படிக்கும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளும் பாலக்காட்டில் படிக்கும் பொள்ளாச்சிப் பிள்ளைகளும் ஆர்டிபிசிஆர் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். ஒரு தலைமுறையின் படிப்பில் விழுந்த ஓட்டை அது. மறுபடி நடக்கக் கூடாது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

சரி, திறந்தே வைத்திருக்க என்ன வேண்டும்? தடுப்பூசி, பரிசோதனை, முகக்கவசம் எல்லாம் எல்லோரும் அறிந்தவை. என்95 நன்றாகப் பொருந்தினால் பெரும் பாதுகாப்பு. ஹாஸ்டல்களில் கழிவுநீரைச் சோதிப்பது அருமையான முறை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 2020 ஆகஸ்டில் 311 பேர் தங்கிய ஒரு விடுதியின் கழிவுநீரில் வைரஸ் தடயம் தெரிந்தது. உடனே அங்கிருந்த எல்லோரையும் சோதித்ததில், அறிகுறியே இல்லாத இரண்டு பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒன்று: 75 சதவீத வருகைப் பதிவு. காய்ச்சலோடு வரும் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவனுக்கு ஆப்சென்ட் போட்டால், அடுத்த முறை அவன் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவான். நோய்க்கால விடுப்பை வருகைக் கணக்கிலிருந்து கழித்துவிடும் ஒரு சுற்றறிக்கைக்குச் செலவே கிடையாது. வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானியைவிட அது நோயாளிகளை வீட்டில் இருக்க வைக்கும்.

இனி நான் நிறைய சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். அது காற்று.

கொரோனா பரவியது பெரும்பாலும் காற்று வழியாகத்தான். தொட்ட இடங்களிலிருந்து தொற்றும் வாய்ப்பு, ஒரு தொடுகைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021இல் மதிப்பிட்டது. நம் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் அதே ஆண்டு மே மாதம், நுண்துளிகள் 10 மீட்டர் வரை போகலாம், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று எழுதியது. அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் 2020 மார்ச் 10 அன்று 61 பேர் கொண்ட பாடகர் குழு ஓர் அரங்கில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. 53 பேருக்கு நோய் வந்தது. சத்தமாகப் பாடுபவர்களும் சத்தமாகப் பாடம் நடத்துபவர்களும் சாதாரணமாகப் பேசுபவர்களைவிட அதிக நுண்துளிகளை வெளியிடுகிறார்கள்.

அந்த நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியாது. வகுப்பறைக் காற்றில் வைரஸ் எவ்வளவு என்று அன்றாடம் அளக்கவும் முடியாது. ஆனால் அந்தத் துளிகள் வரும் அதே மூச்சில் இன்னொன்றும் வருகிறது: கரியமில வாயு. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. இதை 420 பிபிஎம் என்பார்கள். நாம் விடும் மூச்சிலோ கிட்டத்தட்ட 40,000 பிபிஎம். ஆகவே அறைக் காற்றில் இந்த வாயுவின் அளவு 420க்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதை 40,000ஆல் வகுத்தால், நீங்கள் இழுக்கும் காற்றில் எத்தனை பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய்விட்டு வந்தது என்று தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. ஒவ்வொரு 400 ஏற்றத்துக்கும் ஒரு சதவீதம். 820 என்று காட்டினால் நூறில் ஒரு பங்கு அடுத்தவர் மூச்சு. 2,420 என்றால் நூறில் ஐந்து, அதாவது இருபதில் ஒரு பங்கு. முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். இந்தக் கணக்கை ரட்னிக், மில்டன் என்ற இருவர் 2003இல் எழுதினார்கள். அறைக் காற்றுக்கு 1,000 பிபிஎம் என்ற எல்லையை ஜெர்மனியின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இலேயே சொல்லியிருந்தார். கிருமிக் கொள்கை நிலைபெறுவதற்கு முன்பே, மூச்சுக் காற்றின் அளவே அறையின் சுத்தத்தைச் சொல்லும் என்று கண்டுகொண்டவர் அவர்.

இதை அளக்கும் கருவி கைக்குள் அடங்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே ஒரு சிறு குழாய். ஒரு முனையில் அகச்சிவப்பு ஒளி விளக்கு, மறுமுனையில் அந்த ஒளியை உணரும் சில்லு. சில்லுக்கு முன்னால், 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை மட்டும் விடும் ஒரு வடிகட்டி. ஏன் அந்த அலைநீளம்? கரியமில வாயுவின் மூலக்கூறு ஒரு நேர்கோடு. நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். நடுவிலுள்ள கார்பன் இடமும் வலமும் ஆடும்போது அந்த ஆட்டத்தின் வேகம் சரியாக அந்த ஒளியின் அதிர்வோடு ஒத்துப்போகிறது. மூலக்கூறு ஒளியை விழுங்கிவிடுகிறது. மறுமுனைக்கு எவ்வளவு ஒளி குறைந்து வருகிறதோ, வழியில் அவ்வளவு கரியமில வாயு. காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்த ஒளியைக் கண்டுகொள்வதே இல்லை. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்தவை என்பதால், அவை எப்படி ஆடினாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை. பூமியைச் சூடாக்குவதும் கரியமில வாயுவின் இதே குணம்தான். 1859இல் லண்டனில் ஜான் டிண்டல் இப்படி வெப்பக் கதிரை விழுங்கும் வாயுக்களை அளந்து காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய ஆய்வகத்தில் மனித மூச்சையே இந்த முறையில் அளந்தார்கள். இன்று வகுப்பறை மேசையில் வைக்கும் கருவி அந்தச் சோதனையின் நேர் வாரிசு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. காற்றிலுள்ள வேறு ஆவிகளை அளந்து ஊகமாக ஓர் எண்ணைக் காட்டுகின்றன. பக்கத்தில் சானிடைசர் தேய்த்தால் எண் குபீரென்று ஏறினால் அது அந்த ரகம். அகச்சிவப்பு முறை என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சரி, வகுப்பறைக்குள் போவோம். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், 60 மாணவர்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். எல்லாவற்றையும் இறுக மூடினால் ஒரு மணி நேர வகுப்பின் முடிவில் எண் 3,000ஐத் தாண்டிவிடும். அடுத்தவர் மூச்சு ஏழெட்டு சதவீதம். அதே அறையில் மணிக்கு ஆறு முறை காற்று மாறினால் 1,000க்குள்ளேயே நின்றுவிடும். பன்னிரண்டு முறை மாறினால் 700.

"காற்று மாறுவது" என்றால் பழையது மொத்தமும் போய்ப் புதியது வருவது அல்ல. ஒரு குடம் மோரில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். விழுவது கலந்துகொண்டே இருக்கும், நிறைந்தது வழிந்துகொண்டே இருக்கும். ஒரு குடம் தண்ணீர் விழுந்து முடிந்த பிறகும் 37 சதவீத மோர் உள்ளேயே இருக்கும். இரண்டு குடத்துக்குப் பின் 14 சதவீதம். மூன்று குடத்துக்குப் பின்தான் 5. காற்றும் அப்படியே.

இதை வைத்து எந்தக் கல்லூரியும் தன் அறைகளை அளந்துவிடலாம். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறியதும் கருவியைப் பாருங்கள். 1,420 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஏற்றம் 1,000. அது 370ஆகக் குறைய, அதாவது கருவி 790 காட்ட, எத்தனை நிமிடம் ஆகிறது? அதுதான் ஒரு காற்று மாற்றத்துக்கான நேரம். பத்து நிமிடம் என்றால் மணிக்கு ஆறு. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2023இல் குறைந்தது ஐந்து வேண்டும் என்றது. ஐந்து நிமிடம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு, மிக நல்ல அறை. அங்கே இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கால் மணி நேரம் இடைவெளி விட்டால் முந்தைய வகுப்பின் மூச்சில் 5 சதவீதம்தான் மிஞ்சும். ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு முறை, எதிர்ச் சுவரில் உள்ள கதவையும் திறந்து ஒரு முறை என்று இயற்பியல் மாணவர்களே ஒரு வாரத்தில் வளாகம் முழுக்க அளந்துவிடுவார்கள். இதைவிட நல்ல செயல்முறைப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

எதிரெதிர்த் திறப்பு ஏன் முக்கியம் என்றால், காற்று வீசும் பக்கச் சுவரில் அழுத்தம் கூடுகிறது, மறைவுப் பக்கத்தில் குறைகிறது. இரண்டு பக்கமும் வாய் திறந்திருந்தால் காற்று அறையை ஊடுருவி ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் வாசலில் நின்று தயங்கும். இந்த விஷயத்தில் பாலக்காட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்திருக்கிறது. ஜூன் முதல் மேற்கிலிருந்தும், டிசம்பர் வாக்கில் கிழக்கிலிருந்தும் காற்று அந்த வழியாகப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதும் அதை நம்பித்தான். கிழக்கு மேற்குச் சுவர்களில் ஜன்னல் வைத்த வகுப்பறைக்கு இந்தக் கணவாய் ஆண்டில் பல மாதம் இலவசமாக வேலை செய்கிறது.

பெரு நாட்டின் லிமா மருத்துவமனைகளில் ராட் எஸ்கோம்பும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட அளவீடுகள் எனக்கு மிகப் பிடித்தவை. கதவு ஜன்னல்களைத் திறந்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள தனிமை அறைகளுக்கு வைத்திருந்த அளவு 12தான். உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட ஐம்பது ஆண்டுப் பழைய கட்டடங்களில் 40, புதியவற்றில் 17. நம் ஊரிலும் இதே கதைதான். ஓட்டுக் கூரை, உயரத்தில் வெண்டிலேட்டர், இரு பக்கமும் வராந்தா என்று கட்டிய பழைய வகுப்பறைகளில் சூடான காற்று மேலே ஏறித் தானாக வெளியேறும். புதிய கட்டடங்களில் அலுமினியச் சறுக்கு ஜன்னல், எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். செமினார் ஹாலில் ஸ்ப்ளிட் ஏசி. அது அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. சீலிங் ஃபேனும் புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை, இருப்பதைக் கலக்குகிறது. பழைய கட்டடத்தை இடிக்கத் தீர்மானம் போடும் முன் அதன் காற்றை ஒரு முறை அளந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மழைதான் சிக்கல். இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், சாரல் அடித்தால் மேற்கு ஜன்னலைச் சாத்தத்தான் செய்வார்கள். அகலமான சன்ஷேடும், வெண்டிலேட்டரில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால் சமாளிக்கலாம். அதுவும் முடியாத அறையில், விசிறியோடு நல்ல வடிகட்டிகளைப் பெட்டி போல ஒட்டிய கோர்சி ரோசந்தால் பெட்டியை மாணவர்களே செய்து வைக்கலாம். 2020இல் வந்த யோசனை இது. ஆனால் வடிகட்டி நுண்துளியைப் பிடிக்குமே தவிரக் கரியமில வாயுவைப் பிடிக்காது. அந்த அறையில் கருவியின் எண் இறங்காது, ஆபத்து மட்டும் இறங்கியிருக்கும். கருவி காட்டுவது அடுத்தவர் மூச்சைத்தான், அதில் நோய் இருக்கிறதா என்பதை அது அறியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஆயுஷ் அமைச்சகம் ஆர்சனிகம் ஆல்பம் 30 என்ற ஹோமியோபதி மாத்திரையைப் பரிந்துரைத்தது. நூறில் ஒன்றாக முப்பது முறை நீர்க்கச் செய்த அந்த மருந்தில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வழியில்லை. எல்லைச் சாவடிகளில் வண்டிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடித்தார்கள். நாட்டின் உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது சுமார் 0.64 சதவீதம். அதில் ஒரு துளி இந்த வகுப்பறைகளுக்கு வந்தால் போதும். கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது. சுற்றிலும் ஓட்டுக் கூரை, கான்கிரீட் என்று இரண்டு வகைக் கல்லூரிகளும் இருக்கின்றன. கணவாய்க் காற்று மாதத்துக்கு மாதம் இந்த அறைகளில் என்ன செய்கிறது என்று ஓராண்டு அளந்து வெளியிட வேண்டும். நிபா வைரஸ் அடிக்கடி தலைகாட்டும் மாநிலத்தில் அடுத்த கிருமி வரும்வரை காத்திருப்பது எனக்கு ஏற்கவில்லை.

ஆசிரியைக்கு ஒரு யோசனை. ஒரு கருவி வாங்க மட்டும் பணம் இருந்தால் முதலில் வகுப்பறையில் வைக்காதீர்கள். மதியம் ஹாஸ்டல் மெஸ்ஸில் வையுங்கள், சாப்பிடும்போது எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உரக்கப் பேசும் இடம் அது. அடுத்து மழை நாளில் ஷட்டர் இறக்கிய பொள்ளாச்சி பஸ்ஸில் கொண்டுபோய்ப் பாருங்கள். வகுப்பறை மூன்றாவது.