மூன்று கிலோ ஏறியது யாருக்கு?

“இரண்டே வாரத்தில் மூன்று கிலோ ஏறியிருக்கிறாள் டாக்டர்” என்றார் மாமியார். முகத்தில் அத்தனை பூரிப்பு. மருமகளுக்கு 32 வாரம், தலைப்பிரசவம். நான் அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தேன். மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது, கழற்ற வரவில்லை. ரத்த அழுத்தம் 150/100, சிறுநீரில் புரதம். ஏறிய மூன்று கிலோவில் பெரும்பங்கு உடம்பில் கோத்த நீர்.

தாய் சேய் நல அட்டையைப் புரட்டினேன். ஒவ்வொரு முறையும் எடையைத் தவறாமல் குறித்திருந்தார்கள். கர்ப்பப்பையின் உயரத்தை எழுதும் கட்டம் மட்டும் இரண்டு மாதமாகக் காலி. தாய்க்கு எடை ஏறுகிறதே, பிள்ளை வளராமலா இருக்கும் என்று விட்டிருப்பார்கள். டேப் வைத்து அளந்தேன்: 28 சென்டிமீட்டர்.

24 வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சிவரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை வாரம். ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். மூன்று, அதற்கு மேல் குறைந்தாலோ, போன முறை இருந்த இடத்திலேயே நின்றாலோ ஸ்கேன் பார்த்தாக வேண்டும். தையற்காரர் டேப் போதும், கரண்ட்கூட வேண்டாம். உடல் பருமனான பெண்ணிடமும் இரட்டைக் குழந்தை சுமப்பவரிடமும் டேப் ஏமாற்றும். அவர்களுக்கு ஸ்கேன்தான்.

தாயின் எடையைப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஐந்தடி உயரத்தில் 40 கிலோ இருக்கும் பெண் கர்ப்பகாலத்தில் 12.5 கிலோவாவது கூட வேண்டும். அதே உயரத்தில் 65 கிலோ இருப்பவருக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். மெலிந்த உடம்போடு கர்ப்பமாகி, எடையும் ஏறாவிட்டால் குழந்தை சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் எடை மெஷின் தாயைத்தான் நிறுக்கிறது. பிள்ளையைத் தனியாக அளக்க வேண்டும்.

அன்றைய ஸ்கேனில் குழந்தையின் எடை சுமார் 1,250 கிராம். அந்த வாரத்தில் 1,800 கிராமையொட்டி இருந்திருக்க வேண்டும். குழந்தையின் அளவை வைத்து அறிக்கையில் ‘29 வாரம்’ என்று அச்சாகியிருந்தது. “அப்படியென்றால் தேதிதான் தப்பா?” என்று கேட்டார் கணவர். அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி இது. முதல் மூன்று மாதத்து ஸ்கேனில் உறுதிசெய்த தேதியைப் பின்னால் மாற்றக் கூடாது. மாற்றினால், வளராத குழந்தை காகிதத்தில் மட்டும் சரியாக வளர்ந்துவிடும்.

அவர்கள் அடுத்துக் கேட்டது, “என்ன சத்து மாவு கொடுக்கலாம்?” கோளாறு சாப்பாட்டில் இல்லை, தாயிடமிருந்து பிள்ளைக்குச் சத்தைக் கடத்தும் நஞ்சுக்கொடியில். சாலை அடைத்துக் கிடக்கும்போது லாரியில் எவ்வளவு ஏற்றினால் என்ன? ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அந்தச் சாலையைத்தான் பார்க்கிறது. குழந்தையின் இதயம் துடித்து ஓயும் இடைவெளியிலும் தொப்புள்கொடியில் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். முதலில் அது குறையும், பிறகு நிற்கும், கடைசியில் பின்னோக்கித் திரும்பும். ஸ்கேனில் குழந்தையின் எடையை இரண்டு வாரம் கழித்து ஒப்பிட்டால்தான் பொருளுண்டு. அதற்குள் அளப்பதில் ஸ்கேனின் பிழையே வளர்ச்சியைவிடப் பெரிதாக இருந்துவிடும். டாப்ளரை அப்படித் தள்ளிப்போட முடியாது.

“சின்னப் பிள்ளை என்றால் சுகப்பிரசவம் ஆகிவிடுமே” என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. எனக்கு எரிச்சல் வரும். கையிருப்பெல்லாம் கரைந்த குழந்தை வலியின் ஒவ்வொரு இறுக்கத்தையும் தாங்காது. அசைவு குறைந்ததாகத் தோன்றினால் ‘இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்போம், விடியட்டும்’ என்று காத்திருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

அந்தப் பெண்ணை அன்றே சேர்த்துக்கொண்டோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, டாப்ளர் கண்காணிப்பு. 34ஆவது வாரத்தில் அந்த இடைவெளி ஓட்டம் நின்றது. அன்று மாலையே அறுவைசிகிச்சை. பெண் குழந்தை, 1,480 கிராம். முதல் சில நாள் எடை இறங்கியது, பிறகு மெல்ல ஏறியது. மாமியார் தினமும் காலையில் வார்டு வாசலில் நின்று நர்ஸிடம் எடை கேட்பார். இப்போது கிலோவில் இல்லை, கிராமில்.