சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

ஆர்எஃப் ஆப்டிமைசேஷன், அதாவது மொபைல் நெட்வொர்க்கோட ரேடியோ சிக்னல சரி பண்ற வேலைல இருக்கற எங்களுக்கெல்லாம் பழகிப்போன கம்ப்ளைன்ட் ஒண்ணு இருக்கு. "சார், ஃபுல் பார் காட்டுது, அவங்க பேசறது நல்லா கேக்குது, நான் பேசறதுதான் அவங்களுக்கு கேக்க மாட்டேங்குது." இதக் கேட்டா எனக்கு முதல் சந்தேகம் டவர் மேல வராது, அந்தத் தெருவுல யாரோ மொட்டை மாடில பூஸ்டர் (வீக்கான சிக்னல பெருக்கிக் குடுக்கற பெட்டி) மாட்டிருக்காங்கன்னுதான் தோணும்.

போன்ல தெரியற பார், டவர்லேர்ந்து உங்களுக்கு வர்ற சிக்னலுக்குதான். நீங்க திருப்பி அனுப்பற அப்லிங்க் அதுல தெரியவே தெரியாது. டவர் ஒரு கேரியர்ல (ஒரு ஃப்ரீக்வென்சி துண்டுல) 20, 40 வாட் விடும், சாதாரண 4ஜி போனுக்கு அதிகபட்சமே 0.2 வாட் சுமார்தான், அதனால டவர் ரிசீவர் ரொம்ப வீக்கான சிக்னல பொறுக்கி எடுத்தாகணும், அங்க கொஞ்சம் நாய்ஸ் (வேண்டாத இரைச்சல் சிக்னல்) ஏறினாலும் போச்சு.

ஆன்லைன்ல கிடைக்கற சீப்பான பூஸ்டருக்கு உங்க சிம் எந்த கம்பெனின்னு தெரியாது. 900 பேண்ட்னா 890லேர்ந்து 915 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அப்லிங்க் மொத்தத்தையும் பெருக்கி டவருக்கு அனுப்பும், நாய்ஸையும் சேத்து. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் பக்கத்துல இருந்துட்டா இன்னும் மோசம், கல்யாண மண்டபத்துல மைக்க ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனா ஊளையிடுமே, அதே கதைதான், நிறுத்தாம கத்திக்கிட்டே இருக்கும், காதுக்குத்தான் கேக்காது.

இதுல நெறைய பேருக்கு தெரியாதது, இப்ப நெட்வொர்க் தன்னைத்தானே மாத்திக்கும்ங்கறது. 2ஜில எந்த செல்லுக்கு (டவரோட ஒரு ஆன்டெனா பாத்துக்கற ஏரியா) எந்த ஃப்ரீக்வென்சின்னு பிரிச்சு பிளான் போடுவோம். 4ஜில பெரும்பாலும் எல்லா செல்லும் ஒரே ஃப்ரீக்வென்சிலதான் ஓடுது, அதனால யார் மேலயும் யாரும் மோதாம இருக்க ஆன்டெனா டில்ட்ட (சாய்வ) ரிமோட்ல மாத்தறது, போன் பவர அட்ஜஸ்ட் பண்றது, கூட்டமான செல்லேர்ந்து ஆட்கள பக்கத்து செல்லுக்கு தள்ளறதுன்னு பல வேலைய சாஃப்ட்வேரே பாத்துக்குது. சேப்பாக்கத்துல மேட்ச்னா ஒரு மாதிரி, மறுநாள் காலைல வேற மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனா அதுக்கு பூஸ்டர்னு ஒண்ணு இருக்கறது தெரியாது, நாய்ஸ் ஏறினது மட்டும்தான் தெரியும். உடனே எல்லா போனையும் பவர ஏத்தச் சொல்லும், 10 டிபி (டெசிபெல்) ஏறினா 10 மடங்கு பவர், பேட்டரி காலி, போன் சூடு. எல்லாரும் பவர ஏத்தினதுல பக்கத்து செல்லுலயும் நாய்ஸ் ஏறும், இங்கேர்ந்து தள்ளிவிட்ட ஆட்களால அங்க கூட்டமும் சேரும். ஒரு வீட்டு மாடில இருக்கற பெட்டிக்காக ரெண்டு மூணு செல் தப்புத்தப்பா தன்னை மாத்திக்கிட்டு கெடக்கும்.

கண்டுபிடிக்கறது பெரிய துப்பறியற வேலை இல்ல, பொறுமை வேணும் அவ்ளோதான். மணிக்கு மணி அப்லிங்க் நாய்ஸ் சார்ட் எடுத்தா, சாதாரணமா மைனஸ் 118 டிபிஎம் (சிக்னல் பவரோட அளவு, மைனஸ் நம்பர் கொறைஞ்சா பவர் ஜாஸ்தி) பக்கம் கெடக்கற கோடு காலைல பத்து மணிக்கு மைனஸ் 100க்கு எகிறும், ராத்திரி ஒம்பதுக்கு இறங்கும், அப்ப அது கடை, ஷட்டரோட சேந்து ஆன் ஆகுது. கரண்ட் கட்டான நேரத்துல டொப்புன்னு விழுந்தா இன்னும் நல்லது, இன்வர்ட்டர் இல்லாத எடம்னு கூட தெரிஞ்சிரும் (எங்களுக்கு மட்டும்தான் பவர் கட் சந்தோஷம்). அப்புறம் யாகி ஆன்டெனாவும் (எந்தத் திசைலேர்ந்து வருதுன்னு காட்டும்) ஸ்பெக்ட்ரம் அனலைசரும் (எந்த ஃப்ரீக்வென்சில எவ்ளோ சிக்னல்னு காட்டும்) தூக்கிட்டு தெருத்தெருவா நடக்கணும். கடைசில போய் கதவத் தட்டினா, "நான் காசு போட்டு வாங்கினது சார், உங்களுக்கென்ன"ம்பாங்க. அவங்க மேல எனக்கு கோபம் இல்ல, வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்காம வேற வழி தெரியாமதான் வாங்கியிருப்பாங்க, லைசென்ஸ் இல்லாம இத வச்சிருக்கறது இந்தியால சட்டப்படி குத்தம்னு வித்தவன் சொல்லியிருக்க மாட்டான்.

வீட்ல பிராட்பேண்ட் இருந்தா போன் செட்டிங்ஸ்ல வைஃபை காலிங்க (டவருக்குப் பதிலா வீட்டு வைஃபை வழியா கால் போகும்) ஆன் பண்ணுங்க, 2019 கடைசிலேர்ந்தே நம்ம ஊர்ல வந்தாச்சு, பல பேர் இன்னும் தொட்டுக்கூட பாக்கல. பெரிய அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரின்னா அசோசியேஷன் மூலமா ஆபரேட்டர்கிட்ட எழுதிக் கேளுங்க, பில்டிங்குக்குள்ள ஆன்டெனா இழுத்து குடுக்கற ஏற்பாடு அவங்ககிட்ட இருக்கு. கம்ப்ளைன்ட் பண்றப்ப "நெட்வொர்க் சரியில்ல"ன்னு மட்டும் சொல்லாம, பார் எத்தன இருந்துச்சு, யாருக்கு கேக்கல, எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும்னு சொல்லுங்க, அந்த நேரத்த வச்சுதான் சார்ட்ல தேடவே ஆரம்பிப்போம்.